கரைக்குத் திரும்பாத ஆய்வுகள்

2001ஆம் ஆண்டில் இந்திய அரசு கடலுயிர்கள் குறித்து அடுத்தடுத்துச் சில அறிவிப்புகளை வெளியிட்டது. அம்மணி உழுவை என்றும் அழைக்கப்படும் திமிங்கிலச் சுறா, மே மாதம் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஜூலை மாதம் கடல் அட்டைகள், கடற்குதிரைகள், பவளங்கள், எல்லாச் சுறாக்கள், எல்லாத் திருக்கைகள் என்று பட்டியல் ஒரேயடியாக நீண்டது. சுறா மீன்பிடித் தொழிலில் இருந்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். டிசம்பரில் சுறா, திருக்கை வகைகளில் 10 இனங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அரசு விடுவித்தது. கடல் அட்டை மீதான தடை அப்படியே நின்றது, இன்றும் நிற்கிறது. முதல் பட்டியல் என்றால் புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு. மீறினால் இன்று குறைந்தது 3 ஆண்டு சிறை, 7 ஆண்டு வரை நீளலாம்.

சட்டமும் ஆண்டும் ஒன்றுதான். ஆனால் குஜராத் கரையில் திமிங்கிலச் சுறாவுக்கு நேர்ந்ததும் ராமநாதபுரம் கரையில் கடல் அட்டைக்கு நேர்ந்ததும் முற்றிலும் வேறு. அந்த வேறுபாட்டுக்குக் காரணம் அறிவியல் யாரிடம், எப்படிச் சென்று சேர்ந்தது என்பதே என்று நினைக்கிறேன்.

குஜராத்தின் வேராவல், மாங்க்ரோல் கரைகளில் திமிங்கிலச் சுறாவை வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள். ஈரல் எண்ணெய் மரப்படகுகளுக்குப் பூசப் பயன்பட்டது, இறைச்சி ஏற்றுமதியானது. மைக் பாண்டே எடுத்த ஆவணப்படம் அந்த வேட்டையை 2000இல் உலகுக்குக் காட்டியது, சட்டம் வந்தது. சட்டம் வந்ததோடு யாரும் ஓய்ந்துவிடவில்லை. 2004 முதல் மாநில வனத்துறையும் இந்திய வனவுயிர் அறக்கட்டளையும் துணை நிறுவனங்களும் ஊர் ஊராகப் போனார்கள். சுறாவின் முழு அளவில் செய்த காற்றடைத்த உருவம் ஒன்றைக் கரைகளில் நிறுத்தி வைத்துப் பேசினார்கள். மொராரி பாபு என்ற புகழ்பெற்ற ராமகதை உபன்யாசகர், இந்த மீன் பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் என்று மக்களிடம் சொன்னார். அது சென்று தைத்தது. வலையில் சிக்கிய சுறாவை விடுவிக்க வலையை அறுக்க நேர்ந்தால் அதற்கு இழப்பீடும் கிடைத்தது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மீனவர்களிடம் கேமராக்கள் தரப்பட்டன. சுறாவை விடுவிக்கும்போது அவர்களே படம் எடுத்துத் தந்தார்கள். இழப்பீட்டுக்கு அதுவே சான்று, ஆய்வாளருக்கு அதுவே தரவு. நேற்றுவரை வேட்டைக்காரராக இருந்தவர், அந்த மீன் எங்கே, எப்போது வருகிறது என்பதைப் பதிவு செய்பவராக மாறினார். இதுவரை 900க்கு மேற்பட்ட திமிங்கிலச் சுறாக்கள் அந்தக் கரையில் வலையிலிருந்து விடுவிக்கப்பட்டுள்ளன.

இனி நம் கரைக்கு வருவோம். மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் கடல் அட்டை எடுப்பது பல தலைமுறைத் தொழில். உள்ளூரில் அதை யாரும் தின்பதில்லை. மூழ்கி எடுத்து, அவித்து, உலர்த்தி, கிழக்காசிய நாடுகளுக்கு அனுப்புவார்கள். சங்கு குளிப்பவர்களைப் போலவே காலில் தகடு கட்டிக்கொண்டு மூழ்குபவர்கள் இதை நம்பி வாழ்ந்தார்கள். 2001க்குப் பிறகு அவர்கள் ஒரே நாளில் குற்றவாளிகள் ஆனார்கள். வலையில் தானாக வந்து விழும் அட்டைக்கும் பயப்பட வேண்டிய நிலை வந்தது. ஏன் இந்தத் தடை, எங்களைக் கேட்டீர்களா என்ற கேள்வி இந்தக் கரையில் இன்னும் அடங்கவில்லை. கடத்தல் நிற்கவில்லை. பிடிபட்ட அட்டை மூட்டைகள் பற்றிய செய்தி ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் நாளிதழ் படிப்பவர்களுக்குப் பழகிப்போன ஒன்று.

அந்தத் தடைக்கு அறிவியல் நியாயம் இல்லாமல் இல்லை. கடல் அட்டை அடிமணலை விழுங்கி, அதிலுள்ள மக்கிய கரிமப் பொருளைச் செரித்து, மணலைத் தூய்மையாக வெளியேற்றும் உயிர். அது இல்லாத கடலடி மெல்லக் கெட்டுப்போகும். ஆணும் பெண்ணும் தம் விந்தையும் முட்டையையும் நீரிலேயே விடுகின்றன. அங்கேதான் அவை கலக்க வேண்டும். ஆகவே அருகருகே இருந்தால்தான் கரு உருவாகும். ஒரு பகுதியில் அட்டைகள் குறிப்பிட்ட அளவுக்கும் கீழே குறைந்துவிட்டால், எஞ்சியிருப்பவை உயிரோடு இருந்தாலும் இனம் பெருகாது. பத்தில் இரண்டை விட்டுவைத்தேனே என்று மூழ்குபவர் நினைக்கலாம். அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் கிடந்தால் பயனில்லை.

இதைச் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் போதும். கடலுக்கடியில் அட்டைகள் எப்படிக் கிடக்கும் என்பதைத் தன் கண்ணால் பார்த்தவருக்கு இது நம்மைவிட வேகமாகப் புரியும். அந்தப் பத்து நிமிடத்தைத் தருவது எவர் பொறுப்பிலும் இருக்கவில்லை. சிறைத் தண்டனை மட்டும் உடனே போய்ச் சேர்ந்தது.

இதில் இன்னொரு வேதனை உண்டு. வெள்ளை அட்டையின் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கும் முறையை உலகிலேயே முதலில் செய்து காட்டியது தூத்துக்குடி. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி டி.பி. ஜேம்ஸும் அவர் குழுவினரும் 1988இல் அங்கே அதைச் சாதித்தார்கள். பின்னாளில் பல நாடுகளில் வளர்ந்த அட்டைப் பண்ணைத் தொழிலின் தொடக்கப் புள்ளிகளில் அது ஒன்று. இன்று பாக் விரிகுடாவின் மறுகரையில், யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும், அட்டைப் பண்ணைகள் நடக்கின்றன. அங்கும் எல்லாம் நலம் என்று சொல்ல மாட்டேன். கரையோரச் சிறு மீனவர்கள் தங்களைக் கேட்காமல் வேலி போடுகிறார்கள் என்று அங்கே போராடியிருக்கிறார்கள். ஆனால் தூத்துக்குடியில் பிறந்த அறிவால் தூத்துக்குடி மீனவருக்கு ஒரு பிடி பயனும் கிட்டவில்லை என்பது வரலாறு.

இந்தத் துண்டிப்பு புதிதல்ல. நம் கடலைப் பற்றிய நவீன அறிவியலின் தொடக்கமே மீனவர் வாய்மொழிதான். 1870களில் பிரான்சிஸ் டே இந்திய மீன்களைப் பற்றிய தம் பெருநூலைத் தொகுத்தபோது தமிழ்ப் பெயர்களையும் சேர்த்தே பதிவு செய்தார். அந்தப் பெயர்கள் சந்தையிலும் கரையிலும் இருந்தவர்கள் சொன்னவை. எட்கர் தர்ஸ்டன் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பைப் பற்றி எழுதியதும், ஜேம்ஸ் ஹார்னெல் சங்கைப் பற்றியும் மீன்பிடி முறைகளைப் பற்றியும் எழுதியதும் குளியாளிகளும் படகுடைய சம்மாட்டிகளும் காட்டிய கடலைத்தான். முத்துப் பார்களின் இருப்பிடம் அறிவியலாளர் வருமுன்பே அவர்களுக்குத் தெரியும். 1927இல் சென்னை அருங்காட்சியகம் குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றி ஒரு தொகுதி வெளியிட்டது. பல தலைமுறை விலங்கியல் மாணவர்கள் அந்தத் தீவுக்குப் போய்ப் படித்தார்கள். 1947இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டு மண்டபத்தில் வேர்விட்டது. 1971இல் தலைமையகம் கொச்சிக்குப் போன பிறகும் மண்டபத்தில் ஆய்வு தொடர்கிறது. உலகின் வெப்பக் கடல்களில் இவ்வளவு நீண்ட காலம், இவ்வளவு நெருக்கமாக ஆராயப்பட்டவை அதிகம் இருக்காது.

ஆராய்ந்தவை ஏறக்குறைய அனைத்தும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. இப்போது அவற்றில் பெரும்பகுதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அந்த நிலையத்தின் மின்னூலகம் 2010இலிருந்தே திறந்திருக்கிறது. அதைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கதவைத் திறந்து வைப்பதும் ஊருக்குப் போய்ச் சொல்வதும் ஒன்றல்ல.

மீன் இறங்குதளத்துக்குப் போயிருப்பவர்கள் ஒரு காட்சியைக் கவனித்திருக்கலாம். படகுகள் கரை சேர்ந்ததும் நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர் வருவார். எந்த வலை, எத்தனை மணி நேரம், என்னென்ன மீன், எத்தனை கிலோ என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். இப்படிப் பல பத்தாண்டுகளாக நாடு முழுவதும் மாதிரி எடுத்துத்தான் இந்தியாவின் ஆண்டு மீன்பிடி மதிப்பீடு உருவாகிறது. அந்தக் கணக்கில்தான் மத்தி சரிந்ததும் எழுந்ததும் தெரிகிறது. இளம்மீன்கள் பெருமளவில் அழிவது தெரிகிறது. இந்தத் தரவின் முதல் உடைமையாளர், வேலையை நிறுத்திவிட்டு நின்று பதில் சொன்ன அந்த மீனவர். ஆண்டு முடிவில் அந்தக் கணக்கு எங்கே போனது, உன் கடலில் என்ன கண்டோம் என்று அவரிடம் யார் சொல்கிறார்கள்? என் கட்டுரையின் சாரம் இந்தக் கேள்விதான். முடிவுகளைத் தந்தவரிடமே திருப்பிச் சொல்வது ஆய்வு முடிந்த பிறகு நேரமிருந்தால் செய்யும் தொண்டு அல்ல. அது ஆய்வின் ஒரு பகுதி. அதைச் செய்யாதவரை அந்த ஆய்வு முடியவில்லை.

அரசு அறிவியலைக் கரைக்குக் கொண்டுபோவதே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் காட்டும் கடற்பரப்பு வெப்பத்தையும் நீரின் பச்சையத்தையும் வைத்து மீன் கூடும் இடங்களைக் கணித்துத் தமிழ் உட்படப் பல மொழிகளில் அறிவிக்கிறது. காற்று, அலை எச்சரிக்கைகளும் வருகின்றன. எரிபொருளும் உயிரும் மிஞ்சுகின்றன, நல்ல சேவை. ஆனால் இங்கே ஒரு சாய்வு இருப்பதைப் பார்க்க வேண்டும். மீன் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அறிவியல் கைப்பேசியில் தமிழில் வருகிறது. மீன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, எதை விட்டுவைக்க வேண்டும் என்று சொல்லும் அறிவியல் ஆங்கில அறிக்கையில் உறங்குகிறது. பிடிக்கச் சொல்லித்தரும் வேகம் காக்கச் சொல்லித்தருவதிலும் இருந்தால் நம் கடல் இன்று வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஆவுளியாவின் கதை கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. கடல் பசுவைப் பாக் விரிகுடாக் கரையில் ஆவுளியா என்பார்கள். ஒரு காலத்தில் அதன் இறைச்சி விரும்பி உண்ணப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுத்த பிறகும் வலையில் சிக்கிச் சாவது தொடர்ந்தது. ஆவுளியா மீனல்ல, நம்மைப் போல நுரையீரலால் மூச்சுவிடும் பாலூட்டி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். வலை பிடித்துக்கொண்டால் மூழ்கிச் செத்துவிடும். கரு சுமக்க ஓராண்டுக்கும் மேலாகும். ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடையில் 3 முதல் 7 ஆண்டு இடைவெளி. எழுபது ஆண்டு வரை வாழக்கூடிய அந்த உயிர் தன் வாழ்நாளில் ஈனும் கன்றுகள் சொற்பம். ஆண்டுக்கு ஒரு ஊரில் ஒன்று செத்தாலும் கூட்டம் தாங்காது.

இந்தக் கணக்கை ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். 2016இல் தொடங்கிய ஆவுளியா மீட்புத் திட்டத்தில் இந்திய வனவுயிர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மீனவர்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்தார்கள். கண்டால் சொல்லுங்கள், சிக்கினால் வலையை அறுத்து விடுங்கள், உங்களுக்குப் பரிசும் பாராட்டும் உண்டு என்றார்கள். தஞ்சை மாவட்டக் கரையில் ஓம்கார் என்ற தொண்டு நிறுவனம் பல ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மீனவர்களுக்கும் கடற்புல்லைப் பற்றிச் சொல்லிவருகிறது; மூங்கில் சட்டத்தில் தேங்காய் நார்க் கயிறு கட்டி, அதில் கடற்புல் நாற்றுகளை வைத்து, அழிந்த புல்வெளிகளை மீனவர் துணையோடு மீட்க முயல்கிறது.

கடற்புல்லைப் பேசாமல் ஆவுளியாவைப் பேச முடியாது. ஒரு ஆவுளியா நாளொன்றுக்கு 30, 40 கிலோ கடற்புல் மேயும். மேய்ந்த தடம் கடலடியில் கோடு கோடாகத் தெரியும். அந்தப் புல்வெளியில்தான் ஓலக்கால் நண்டும் இறாலும் குஞ்சாக இருக்கும்போது ஒளிந்து வளர்கின்றன. ஆவுளியாவுக்காகப் புல்லைக் காத்தால் நண்டு வலைக்காரர் வீட்டு அடுப்பும் எரியும். இழுவைமடி தரையைப் பிறாண்டிக்கொண்டு போகும்போது மீனோடு சேர்த்து இந்தப் புல்லையும்தான் பிடுங்கிப் போடுகிறது. நாட்டுப்படகுக்காரர்கள் இதை ஆய்வாளர் சொல்வதற்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சொன்னதற்கு ஆய்வு எண்களைக் கொடுத்தது. இரண்டும் சேரும்போதுதான் அதிகாரிகள் காது கொடுக்கிறார்கள்.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை நாட்டின் முதல் கடல் பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. தேசியப் பூங்கா என்று அறிவிக்காமல், சட்டத்தின் 36ஏ பிரிவில் வரும் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். உள்ளூர் மக்களைக் கலந்தாலோசித்த பிறகே அறிவிக்கலாம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. 2001இல் கடல் அட்டைக்கு வாய்க்காதது 2022இல் ஆவுளியாவுக்கு வாய்த்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நாம் கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் அறிவியலே ஒருமனதாக இல்லாதபோது மக்களிடம் என்ன சொல்வது? இந்தக் கடினமான கேள்விக்கு இதே கரையில் ஒரு சோதனை நடந்தது. ராமேசுவரம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் தலைமுறைகளாகக் கடலில் மூழ்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி ஆகிய கடற்பாசிகளை எடுத்து வந்தார்கள். 1986இல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பின் அவர்களுக்கும் வனத்துறைக்கும் மோதல் வளர்ந்தது. அந்தப் பெண்களே கூடிப் பேசி முறை வகுத்தார்கள்: மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, சுரண்டும் இரும்புக் கருவி இல்லாமல் கையால் பறிப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் தாங்களும் நிறுத்துவது. அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. பாசி திரும்ப முளைக்க எவ்வளவு காலமாகும் என்பது அவர்கள் கைக்குத் தெரிந்திருந்தது.

இதே பெண்களின் கரைக்குத்தான் 1990களில் கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி வந்தது. அரசு ஆய்வு நிறுவனம் ஒன்று வளர்ப்பு முறையை உருவாக்க, தனியார் நிறுவனங்கள் வாங்கிக்கொள்ள, மூங்கில் மிதவைகளில் அதை வளர்த்துப் பல குடும்பங்கள் வருமானம் பெற்றன. 2008இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்தப் பாசி குருசடைத் தீவருகே பவளங்கள் மேல் படர்ந்து அவற்றை மூச்சுமுட்டச் செய்வதாக எழுதினார்கள். வேறு விஞ்ஞானிகள் ஆபத்து அவ்வளவு பெரிதல்ல, கட்டுப்படுத்திவிடலாம் என்றார்கள். வாதம் பெரும்பாலும் ஆங்கில ஆய்விதழ்களில் நடந்தது. வாதத்தின் நடுவில் இடுப்பளவு நீரில் நின்று மிதவை கட்டிய பெண்கள் இருந்தார்கள். அலையில் அறுந்த பாசித் துண்டு எங்கே போகிறது என்று அவர்களிடம் கேட்டிருந்தால், அறுந்ததை அள்ளிக் கரையேற்றுங்கள் என்று சொல்லியிருந்தால், அந்த வாதத்துக்கே வேறு தரம் வந்திருக்கும். இப்போது ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் கடற்பாசிப் பூங்கா உருவாகிறது; அரசு இந்தத் தொழிலை இன்னும் பெரிதாக்க விரும்புகிறது. விஞ்ஞானிகள் எதில் ஒத்துப்போகிறார்கள், எதில் முரண்படுகிறார்கள், எது இன்னும் உறுதியாகவில்லை என்பது மூன்றும் அந்தப் பெண்களுக்குத் தமிழில் தெரிய வேண்டும். உறுதியின்மையைச் சொன்னால் மக்கள் குழம்புவார்கள் என்பது அதிகாரியின் பயம். காற்றும் நீரோட்டமும் நாளுக்கு நாள் மாறும் தொழிலில் இருப்பவர்கள் உறுதியின்மைக்கு நம்மைவிடப் பழகியவர்கள்.

எல்லாவற்றையும் எல்லோரிடமும் பரப்பிவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கடற்குதிரையும் கடல் அட்டையும் எந்த இடத்தில் மிஞ்சியிருக்கின்றன என்ற வரைபடம் கடத்தல்காரனுக்கும் பயன்படும். அதை மறைத்தே வைக்க வேண்டும். ஏன் காக்க வேண்டும், காத்தால் என்ன நடக்கும், நாங்கள் எப்படிக் கண்டுபிடித்தோம் என்பவற்றை மறைக்க நியாயமில்லை.

வழிகள் நம்மிடம் இருக்கின்றன. புதுச்சேரியின் வீராம்பட்டினத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையின் கிராம அறிவு மையம் 1990களின் இறுதியிலேயே அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தது. அதே வகை மையம் இருந்த நல்லவாடு கிராமத்தில், 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது காலையில் சிங்கப்பூரிலிருந்த அவ்வூர்க்காரர் தொலைபேசியில் எச்சரித்ததும் ஊரார் அந்த ஒலிபெருக்கியைத்தான் பயன்படுத்தினார்கள். ஊரே மேட்டுக்கு ஓடித் தப்பியது. பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 முதல் கடல் ஓசை 90.4 என்ற மீனவர் சமுதாய வானொலி ஒலிக்கிறது. பாட்டும் பேச்சும் வானிலையுமாகக் கடல் வளத்தையும் பருவநிலை மாற்றத்தையும் அந்த ஊர்த் தமிழில் பேசுகிறது. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் நடத்தும் ஆமை நடையில் ஆயிரக்கணக்கான பொதுமக்கள் இரவில் கரையில் நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளை எப்படிக் காக்கிறார்கள் என்று நேரில் பார்த்திருக்கிறார்கள்.

குறை இருப்பது ஆய்வுலகின் கணக்கு முறையில். ஒரு விஞ்ஞானியின் பதவி உயர்வுக்கு ஆய்விதழில் வந்த கட்டுரை எண்ணப்படுகிறது. இறங்குதளத்தில் உட்கார்ந்து விளக்கிய மாலைநேரம் எண்ணப்படுவதில்லை. மனமுள்ளவர்கள் சொந்த நேரத்தில், சொந்தச் செலவில் அதைச் செய்கிறார்கள். அவர்களை நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் தனிமனிதரின் நல்ல மனத்தை நம்பி ஒரு கடலைக் காக்க முடியாது. அதை விதியாக்க வேண்டும். தமிழகக் கடலில் நடக்கும் ஒவ்வொரு ஆய்வுக்கும் நிதி தரும்போதே, முடிவுகளைச் சம்பந்தப்பட்ட ஊர்களில் தமிழில் நேரில் சொல்லி, அங்கே எழுந்த கேள்விகளையும் மறுப்புகளையும் பதிவு செய்து அறிக்கையோடு இணைக்க வேண்டும் என்று நிபந்தனை போடலாம். பரங்கிப்பேட்டையிலும் தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் கடலைப் படிக்கும் மாணவர்களின் ஆய்வேட்டோடு இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தையும் பல்கலைக்கழகங்கள் கேட்டுப் பெறலாம். இதற்குப் பெரும் பணம் வேண்டாம்.

இதைப் படிப்பவர்களில் கடல் ஆய்வோடு தொடர்புள்ளவர்கள் இருப்பீர்கள். உங்கள் கடைசி ஆய்வுக்கு எந்த ஊர் படகு தந்தது, எந்த ஊர்க்காரர் பதில் சொன்னார் என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த கட்டுரையை அனுப்புவதற்கு முன் அந்த ஊருக்கு ஒருமுறை போய், கண்டதைச் சொல்லிவிட்டு வாருங்கள்.